எங்கள் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தபோது

எனது முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு செல் துண்டு இருக்கிறது. 2009 ஆம் ஆண்டு மாத்தளனில் பட்டது. பின்னர் வைத்தியர்களிடம் காட்டியபோது, நரம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் எடுக்காமல் விடுவதே நல்லது என்றார்கள். அதோடு வாழப் பழகிக்கொண்டேன். நடக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால், வீதியில் உள்ள ஒவ்வொரு குழியையும் அது எனக்கு எண்ணிச் சொல்லும். இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அப்படிப்பட்ட நான்தான் 2017 முதல் ஒரு பாடசாலை பஸ்ஸில் தினமும் போய் வருகிறேன். தம்பி சாரதி. நான் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, கணக்கு எழுதி, மாதக் காசு வாங்குபவள். பஸ்ஸின் புத்தகம் என் பெயரில் இருக்கிறது. கலஹா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஹிந்தகலையிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவால் இறங்கி, கண்டி நகரத்துப் பாடசாலைகளில் விடுவோம். இந்த பஸ் எங்களுக்குச் சோறு போடுகிறது. அது 2024 இல் எங்களை எப்படிச் சோதித்தது, அதில் நான் என்ன படித்தேன் என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். எனது பெற்றோர் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போனபோது அவர்களும் போனார்கள். கிளிநொச்சி பாரதிபுரத்தில் காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். நானும் தம்பியும் அங்கேதான் பிறந்தோம். யுத்தத்தின் கடைசியில் அப்பா, அம்மா, எனது கணவர் மூவரையும் இழந்தோம். மெனிக் பாமிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கைக்குழந்தையைவிடச் சற்றுப் பெரிய மகள், பதினேழு வயதுத் தம்பி. கண்டியில் இருந்த சின்னம்மாதான் "இங்க வந்திடுங்க" என்று கூப்பிட்டார். பெற்றோர் பயந்து ஓடிப்போன ஊருக்கே நாங்கள் அகதியாகத் திரும்பி வந்தோம்.

தம்பி பஸ்களில் கிளீனராக நின்று, பிறகு சாரதியானான். 2017 இல் ஜப்பானிலிருந்து வந்து இங்கே பல வருடம் ஓடிய ஒரு நடுத்தர பஸ்ஸை லீசிங்கில் எடுத்தோம். அதே விலைக்கு இரண்டு பஸ்கள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று வயதில் குறைந்தது. மற்றது பழையது. தம்பி பழையதைத்தான் எடுத்தான். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து கண்டிக்கு முதல் தரம் போனபோது, முதுகு வழக்கம்போலச் சத்தம் போடவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

காரணம் அதன் பின் சக்கரங்களுக்கு மேலே இருந்தது. சாதாரணமாக பஸ், லொறிகளில் ஸ்பிரிங் பிளேட் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். எங்கள் பஸ்ஸில் முன்னுக்கு அதுதான். ஆனால் பின்னுக்கு இரண்டு பக்கமும் தடித்த றப்பர் பைகள். அதற்குள் காற்று. மெக்கானிக்மார் 'எயார் பேக்' என்பார்கள். விபத்து நேரத்தில் சாரதிக்கு முன்னால் விரியும் பையையும் அப்படித்தான் சொல்வதால், நான் இதைக் காற்றுப்பை என்றே சொல்கிறேன். புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1950களிலேயே அமெரிக்காவின் நெடுந்தூர பஸ்களில் இது வந்துவிட்டது. பஸ்ஸின் பின்பக்கப் பாரம் காற்றின்மேல் இருப்பதால், குழியில் விழுந்தாலும் அடி உடம்புக்கு வருவதற்கு முன் பை அதை விழுங்கிவிடும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2024 ஏப்ரலில் புதுவருட விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய நேரம். ஒரு நாள் விடியற்காலையில் முற்றத்துக்கு வந்தபோது பஸ் இடது பக்கம் சாய்ந்து நின்றது. களைத்துப் போய் ஒரு காலில் நிற்கும் மாட்டைப் போல. தம்பி என்ஜினை இயக்கினான். ஐந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல எழும்பி நேராகிவிட்டது. "காத்துக் கொஞ்சம் இறங்கியிருக்கு அக்கா. ஒண்டுமில்ல," என்றான். அடுத்த நாளும் சாய்ந்தது. அடுத்த நாளும் எழும்பியது. மே மாதம் எழும்புவதற்குப் பத்து நிமிடம் எடுத்தது. நாங்கள் செய்ததெல்லாம், பத்து நிமிடம் முன்பாக எழும்பி என்ஜினை இயக்கியதுதான்.

ஒரு தரம் ஒரு கராஜில் காட்டினோம். அங்கிருந்தவர் என்னைப் பார்க்காமல் தம்பியோடு மட்டும் கதைத்தார். இந்தக் காற்று வேலையெல்லாம் இந்த நாட்டு வீதிக்குச் சரிவராது, பைகளைக் கழற்றிவிட்டு ஒரு பழைய லொறியின் ஸ்பிரிங் பிளேட்டைப் பூட்டித் தருகிறேன், 95,000 ரூபா, பிறகு பத்து வருடத்துக்குத் தலையிடி இல்லை என்றார். கையில் காசு இல்லை. பிறகு பார்ப்போம் என்று வந்துவிட்டோம்.

பஸ்ஸை விற்று வேறொன்று எடுப்பதைப் பற்றி நினைக்கவே முடியாத காலம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. அது மறுபடி முழுதாகத் திறந்தது 2025 இன் தொடக்கத்தில்தான். இடையில் 2022 இல் ரூபா விழுந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. பழைய வாகனத்தின் விலையும் உதிரிப்பாகத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயின. கையில் உள்ளதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வழி இல்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் மழை. காலையில் 26 பிள்ளைகளோடு இறங்கிக்கொண்டிருந்தோம். ஹிந்தகலைக்கு மேலே இறக்கமும் வளைவுமான இடத்தில் பஸ்ஸுக்குள் ஒரு சத்தம் கேட்டது. விடாமல் கத்தும் சத்தம். சாரதிக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பி திரும்பிப் பார்க்காமல், சத்தம் உயர்த்தாமல், "அக்கா, பிள்ளைகளைக் கம்பியைப் பிடிச்சு உட்காரச் சொல்லுங்கோ," என்றான். அந்தக் குரலை நான் அறிவேன். கடைசி மாதங்களில் பங்கருக்குள் அவன் அந்தக் குரலில்தான் கதைப்பான்.

கியரைக் குறைத்துக் குறைத்து, மலைப் பக்கத்துக் கானுக்குள் இடது சக்கரத்தை இறக்கி, கைப்பிரேக்கைப் போட்டு நிறுத்தினான். நான் குதித்து இறங்கி இரண்டு கல்லைத் தூக்கிச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி எண்ணினேன். 26. மறுபடி எண்ணினேன். 26. ஒரு சின்னப் பிள்ளை, "ஆன்ட்டி, பாடசாலைக்குப் பிந்திடுமா?" என்று கேட்டது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுபக்கம் பள்ளம். அதன் அடியில் தேயிலை.

பின்னால் வந்த இ.போ.ச. பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி, நானும் கூடப் போய்ப் பாடசாலைகளில் விட்டேன். அன்று மாலையே ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, நாளையிலிருந்து தன் பிள்ளை வராது என்றார். நான் அவரோடு வாதிடவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பஸ் நின்ற இடத்தில் தேநீர்க் கடை வைத்திருந்தவர் ஒரு கராஜ் பாஸின் இலக்கத்தைத் தந்தார். கட்டுகஸ்தோட்டை தாண்டி அக்குறணைப் பக்கம் போகும் வீதியில் சிறிய கராஜ். வயதான சிங்கள மனிதர். மோட்டார் சைக்கிளில் ஒரு பெட்டிச் சாமானோடு வந்து இறங்கினார். எனது சிங்களம் காதால் கேட்டுப் படித்தது. வாயைத் திறந்தால் வன்னி தெரிந்துவிடுமோ என்ற பயம் இத்தனை வருடத்துக்குப் பிறகும் போகவில்லை. அவர் "எந்த ஊர் நங்கி?" என்று கேட்டார். கிளிநொச்சி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "2002 இல் பாதை திறந்தபோது லொறியில் வந்திருக்கிறேன். என் கராஜ் இருப்பதும் ஏ9 வீதியில்தான். கண்டியில் தொடங்குகிற வீதி உங்கள் ஊரால்தானே யாழ்ப்பாணம் போகிறது," என்றார். பாரதிபுரத்திலிருந்து நடந்து போய் நான் பஸ் ஏறிய அதே வீதி. அந்த யோசனை எனக்கு அன்றுவரை வந்ததில்லை.

அவர் முதலில் செய்த வேலை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாவியைக் கையில் எடுக்கவில்லை. "நங்கி, உடுப்புத் தோய்க்கிற தூள் இருக்குமா? ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வாங்க," என்றார். தேநீர்க் கடையில் வாங்கிக் கரைத்துக் கொண்டுவந்தேன். என்ஜினை இயக்கிக் காற்று ஏற்றச் சொன்னார். பிறகு ஒரு நீளமான தும்புத்தடியின் நுனியில் துணியைச் சுற்றி என்னிடமே தந்து, "நீங்களே பூசிப் பாருங்க. ஆனால் வெளியே நின்று பூசுங்க. தலையை உள்ளே நீட்டவே கூடாது. காற்று மட்டும் தாங்குகிற வண்டி அது. காற்றுப் போனால் ஒரு நொடியில் கீழே இறங்கும்," என்றார்.

வலது பையில் நுரை சும்மா வழிந்தது. இடது பையில், றப்பர் மடிகிற இடத்தில், நுரை கொதித்தது. சோறு கொதிப்பது போலக் குமிழ் குமிழாக வந்தது. அங்கே றப்பர் வெடித்து, உள்ளே உள்ள நூல் தெரிந்தது. இரண்டு மாதமாக நாங்கள் தேடாத ஓட்டையைச் சவர்க்காரத் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டது.

"இது ஒன்று. ஆனால் பிரேக்குக்கு மணி அடித்தது இதனால் மட்டும் இல்லை," என்றார். பிறகு விளக்கினார். பஸ்ஸில் காற்றைச் சேர்ப்பது ஒரே ஒரு கம்பிரசர்தான். அந்தக் காற்றுத்தான் பிரேக்குக்கும் போகிறது, பைகளுக்கும் போகிறது. பையில் ஓட்டை விழுந்தால் பிரேக்கின் காற்றும் அந்த வழியால் போய்விடக் கூடாது என்பதற்காக நடுவில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். காற்றின் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது பைகளின் பக்கத்தை மூடிவிடும். பஸ் சாயும். ஆனால் பிரேக் காப்பாற்றப்படும். எங்கள் பஸ்ஸில் அந்த வால்வு மூடவில்லை.

ஏன் மூடவில்லை என்பதைக் காட்டுவதற்கு எயார் டேங்கின் அடியில் இருந்த சிறிய திருகைத் திறந்தார். கபில நிறத்தில், எண்ணெய் கலந்த தண்ணீர் ஒரு சோடாப் போத்தல் நிறைய வடிந்தது. காற்றை அழுத்தும்போது அதில் உள்ள ஈரம் தண்ணீராகிவிடும். கண்டியின் மழைக் காற்றில் ஈரத்துக்கா குறை? தினமும் வடிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் குழாய்க்குள் போய், துரு பிடித்து, வால்வை இறுக்கிவிடும்.

"தினமும் வடிக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். பஸ்ஸை விற்றவர் 2017 இல் சொல்லித்தான் தந்தார். முதல் வருடம் செய்தோம். பிறகு கிழமைக்கு ஒரு தரம். பிறகு நினைவு வந்தால். கடைசியில் மறந்தேவிட்டோம். எந்தக் கராஜும் எங்களை ஏமாற்றவில்லை. எந்த வீதியும் எங்களுக்குத் துரோகம் செய்யவில்லை. 26 பிள்ளைகளை அந்த வளைவில் நிறுத்தியது எங்கள் மறதி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருள் இல்லை.

பாஸ் பைகளுக்குப் போகும் குழாயைக் கழற்றி இறுக்கமாக அடைத்தார். இப்போது காற்றெல்லாம் பிரேக்குக்கு மட்டும். அழுத்தம் ஏறி நின்றதைப் பலமுறை சோதித்த பின், வெறும் பஸ்ஸாக, முதல் இரண்டு கியரில், தன் கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அன்றிரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். தம்பி, "இந்தக் காத்துச் சனியனைக் கழட்டி எறிஞ்சிட்டு ஸ்பிரிங் பிளேட் போட்டிடுவம் அக்கா. 95,000தானே. இரும்பு ஓட்டை விழாது," என்றான். சின்னம்மாவும் அதையே சொன்னார். எனக்கும் அதுதான் சரி போலிருந்தது.

அடுத்த நாள் பாஸிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "செய்யத் தெரிந்தவன் ஒழுங்காகச் செய்தால் அதுவும் ஓடும். ஆனால் கேளுங்க," என்று ஒரு தீப்பெட்டியையும் இரண்டு குச்சியையும் மேசையில் வைத்து விளக்கினார். ஸ்பிரிங் பிளேட் இரண்டு வேலை செய்கிறது. பாரத்தையும் தாங்குகிறது, பின் அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைத்திருக்கிறது. காற்றுப்பை பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போகாமல் பிடித்திருப்பது தனியாக உள்ள இரும்புக் கைகள். ஆகவே பையைக் கழற்றி பிளேட்டை மாட்டினால் மட்டும் போதாது. பிளேட் வந்து உட்கார செசியில் புதிதாகத் தாங்கிகளை ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் பிழைத்தால் செசி அங்கேயே வெடிக்கும். அச்சு ஒரு விரல் விலகினாலும் டயர் தேயும், இறக்கத்தில் பஸ் இழுக்கும். "இது பிள்ளைகள் போகிற வண்டி. ஜப்பான்காரன் கணக்குப் போட்டுக் கட்டியதை நான் கண்ணளவில் மாற்ற மாட்டேன்," என்றார்.

அப்படியானால் என்ன செலவு என்று கேட்டேன். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினார். புதிய பை ஒன்று 42,500, இரண்டுக்கும் 85,000. காப்பு வால்வு 14,000. குழாயும் பூட்டுகளும் 6,500. கூலி 18,000. எல்லாமாக 1,23,500 ரூபா. ஓட்டை ஒரு பையில்தானே, ஏன் இரண்டு என்றேன். "இரண்டும் ஒரே வயது நங்கி. இடதுக்கு வந்தது வலதுக்கு நாளைக்கு வரும். அதோடு ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பஸ் நேராக நிற்காது," என்றார்.

28,500 ரூபா வித்தியாசம். திரும்பி வரும் வழியில் தம்பி நெடுநேரம் பேசாமல் வந்தான். பேராதனைப் பாலத்தடியில் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் சொன்னான். "அக்கா, அந்த நேரம் ரெண்டு பஸ் இருந்தது. மற்றது புதுசு. உங்கட முதுகுக்காகத்தான் நான் இதை எடுத்தனான். பயத்திலதான் கழட்டுவம் எண்டு சொன்னன். காத்தையே போடுவம்."

ஏழு வருடமாக அவன் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காசு தேடும் படலம் தொடங்கியது. நுண்கடன் கம்பனியிடம் போவதில்லை என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். கிளிநொச்சியில் எனது சிநேகிதிகள் அந்தக் கடனால் பட்டதை அறிவேன். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. எங்கள் குடியிருப்பில் 20 பெண்கள் மாதம் 5,000 வீதம் போடும் சீட்டு ஒன்று இருந்தது. எனது முறைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த மாதம் எடுக்க வேண்டியவர் கூரைத் தகரம் மாற்றக் காத்திருந்தார். நான் கேட்டதும், "மழை போன வருஷமும் ஒழுகினதுதான். பிள்ளைகள் போற பஸ். நீ எடு," என்று முறையை மாற்றித் தந்தார். மிச்சத்துக்கு எனது தோட்டை அடகு வைத்தேன்.

பழைய பையில் அதன் இலக்கம் புடைத்த எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று பாஸ் சொன்னார். றப்பர் தேய்ந்து கண்ணுக்குத் தெரியவில்லை. உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு வெள்ளைச் சோக்கைப் படுக்க வைத்து அதன்மேல் தேய்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பின. அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, பழைய பையை உரச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, தம்பியும் நானும் காலை ரயிலில் மருதானைக்குப் போய் பஞ்சிகாவத்தையில் இறங்கினோம்.

பஞ்சிகாவத்தையில் இல்லாத வாகனச் சாமான் இல்லை என்பார்கள். உண்மைதான். முதல் கடையில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய பை பாதி விலைக்குக் கிடைத்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் றப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயது போகும் என்று பாஸ் சொல்லி அனுப்பியிருந்தார். மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தேன். மயிர் போன்ற வெடிப்புகள். வேண்டாம் என்றேன். கடைக்காரர் அப்போதுதான் தம்பியை விட்டு என் பக்கம் திரும்பினார். நான்காவது கடையில் அதே இலக்கத்தில் புதியது கிடைத்தது.

வேலை நடந்த நாளில் நான் கராஜிலேயே நின்றேன். பஸ்ஸை ஜாக்கில் உயர்த்தியதும் பாஸ் செசிக்கு அடியில் கனமான இரும்புத் தாங்கிகளை வைத்தார். ஜாக்கை மட்டும் நம்பி அவரும் உள்ளே போகவில்லை. காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே பையில் கை வைத்தார். பழைய பையை வெட்டிக் காட்டினார். டயரைப் போலவே உள்ளே நூல் அடுக்குகள். புதிய பைகள் ஏறின. டேங்குகள் கழற்றிக் கழுவப்பட்டன. கடைசியில், உயரத்தைப் பார்த்துக் காற்று விடும் வால்வைச் சரிசெய்தார். ஆட்கள் ஏறி பஸ் தாழ்ந்தால் அச்சோடு இணைத்த ஒரு சிறிய கம்பி அந்த வால்வைத் தூக்கும், காற்று உள்ளே போகும். ஆட்கள் இறங்கினால் காற்று வெளியே போகும். இத்தனை வருடமாக நான் கேட்ட அந்த 'உஸ்' என்ற பெருமூச்சு அதுதான்.

"இனி நீங்கள்தான் சோதிக்க வேண்டும்," என்று என்னிடம் ஒரு தடியைத் தந்தார். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அதில் இரண்டு பக்கத்துக்கும் கோடு போட்டோம். பஸ்ஸை அணைத்துவிட்டு இரவு முழுக்க விட்டோம். விடிய ஐந்து மணிக்குச் சின்னம்மாவையும் எழுப்பாமல் முதல் பஸ் பிடித்துப் போனேன். கராஜ் இன்னும் திறக்கவில்லை. வெளியே நின்ற பஸ்ஸில் தடியை வைத்துப் பார்த்தேன். இடது பக்கக் கோடு அதே இடத்தில். வலது பக்கமும் அதே இடத்தில். ஆளில்லாத ஏ9 வீதியோரத்தில் அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். எதற்கு என்று முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.

பதினொரு நாள் பஸ் ஓடவில்லை. அந்த நாட்களுக்குக் காசு வாங்கவில்லை. மாதக் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்து, என்ன நடந்தது, யாருடைய பிழை, என்ன மாற்றினோம் என்று பில்களைக் காட்டிச் சொன்னேன். 25 பிள்ளைகள் வந்தார்கள். அந்த ஒரு தாய் தன் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. 2025 மே 11 இல் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த செய்தியைக் கேட்ட அன்று, நான் அந்தத் தாயை நினைத்துக்கொண்டேன். தம்பி அன்று முழுவதும் யாரோடும் கதைக்கவில்லை.

சகோதரிகளே, இப்போது நம்மில் பலர் முச்சக்கர வண்டி, வான், உழவு இயந்திரம் என்று ஏதோ ஒன்றை நம்பி வாழ்கிறோம். ஓட்டுவது வேறொருவராக இருந்தாலும் கடன் நம் பெயரில் இருக்கிறது. ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காலையில் என்ஜினை இயக்குவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து பாருங்கள். எயார் டேங்க் உள்ள வண்டியானால் தினமும் தண்ணீர் வடியுங்கள். காற்றுப் போகிறதா என்று சந்தேகம் வந்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும். ஜாக்கை மட்டும் நம்பி யாரையும் வண்டிக்கு அடியில் போக விடாதீர்கள். பழுது என்று கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில்களை ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். விளங்காததை மறுபடி கேட்க வெட்கப்பட வேண்டாம். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பஸ் இரண்டு மாதம் ஓட்டையோடு ஓடியது. பகலில் யாருக்கும் தெரியவில்லை. என்ஜின் ஓடும்வரை கம்பிரசர் போன காற்றை நிரப்பிக்கொண்டே இருந்தது. அணைத்துவிட்ட பிறகுதான், இரவில், ஆளில்லாத நேரத்தில் அது இறங்கியது. அதைப் பாஸ் விளக்கியபோது எனக்கு என்னைத்தான் ஞாபகம் வந்தது. பகல் முழுக்க ஓடுவேன். பிள்ளைகள், கணக்கு, சமையல், சீட்டு. எல்லாரும் திடமான பெண் என்பார்கள். இரவில் படுத்ததும் இறங்கிவிடுவேன். 2009 இலிருந்து முழுதாக நித்திரை கொண்ட இரவுகள் குறைவு. விடிந்ததும் மறுபடி எழும்பி ஓடுவதால் அதை நான் ஒரு நோயாக நினைக்கவே இல்லை. அந்த ஜூலை மாதம்தான் முதல் தடவையாக வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்தேன். இப்போதும் மாதத்துக்கு ஒரு தரம் போகிறேன். முழுதாகச் சுகம் என்று சொல்ல மாட்டேன். நித்திரை கொஞ்சம் வருகிறது.

தோட்டை அடுத்த வருடம் மீட்டுவிட்டேன். சீட்டு மாற்றித் தந்தவர் வீட்டில் புதுத் தகரம் போட்டாயிற்று. எயார் டேங்கில் தண்ணீர் வடிப்பது இப்போது எனது வேலை. தம்பியை நம்பாமல் இல்லை. ஆனால் ஐந்தே காலுக்கு நானே போய் அந்தத் திருகைத் திறப்பேன். கொஞ்சம் தண்ணீர் வடியும், பிறகு வெறும் காற்று வரும். மூடிவிட்டு, தடியை எடுத்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பேன். கோடு சரியாக இருந்தால் தம்பிக்குக் குரல் கொடுப்பேன்.